தாளாளர் வைத்த பவுண்டன்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாக வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஓர் ஆங்கில ஆசிரியை போன் செய்து, ‘பவுண்டன்’ என்ற சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் என்று கேட்டார். பள்ளி வாசலில் ஒன்று கட்டியிருக்கிறார்களாம். திறப்பு விழாவில் அவர் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். தெரிந்ததைச் சொன்னேன். போனை வைக்கும்போது, “அதுக்குத் தண்ணி விட்டதுலேர்ந்து கேர்ள்ஸ் பாத்ரூம்ல தண்ணி இல்ல சார்” என்றார். அர்த்தங்களை அவர் எடுத்துக்கொண்டார். இந்த வாக்கியத்தை நான் மடியில் கட்டிக்கொண்டேன். வெங்காயப் பேட்டையில் வளர்ந்தவன் கொசுறை விடமாட்டான்.

அவருக்குக் கதையில் கௌசல்யா என்று பெயர். பள்ளி, தாடிக்கொம்பு போகிற சாலையில் எங்கோ இருக்கிறது. தேடாதீர்கள், கிடைக்காது.

2

முதல் தொடக்கம்: ‘சிறுமலையின் மேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலையில்...’

(விட்டுவிட்டேன். தவழ்வதோடு சரி, அவை கீழே இறங்கி வருவதில்லை.)

இரண்டாவது: ‘ஆசிரியர் என்பவர் அறிவின் ஊற்று, அந்த ஊற்றிலிருந்து...’

(இது தாளாளர் ஞானராஜின் வாக்கியம். அவரிடமே இருக்கட்டும்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்மதியின் தண்ணீர் பாட்டில், காலையில் நிறைந்து வந்தபடியே மாலையில் நிறைந்து திரும்பிப் போவதைக் கௌசல்யா மூன்றாவது நாளாகப் பார்த்தாள்.

“ஏன்டி குடிக்கல?”

“குடிச்சா போகணும்ல மிஸ்.”

“போ, அதுக்கென்ன?”

தமிழ்மதி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். “மிஸ், நீங்க ஸ்டாஃப் பாத்ரூம். ஒங்களுக்குத் தெரியாது.”

கௌசல்யா போய்ப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். பள்ளியின் போர்வெல்லில் வருவது சுண்டுவிரல் தண்டித் தண்ணீர். வால்வு ஒன்றுதான். அதை வாசல் பவுண்டன் பக்கம் திருப்பி ஒரு வாரமாகிறது.

3

(அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், கதை ஓடிவிடாது.)

அகராதியில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, அழகுக்காக அழுத்தம் கொடுத்து மேலே பீய்ச்சும் தண்ணீர். இன்னொன்று, எதுவானாலும் அது புறப்படுகிற இடம். அறிவுக்கு, அருளுக்கு, ஆனந்தத்துக்கு. வெள்ளைக்காரன் இரண்டு சரக்கையும் ஒரே சாக்கில் போட்டுத் தைத்துவிட்டான்.

நம் ஆட்களுக்கு ஊற்று என்றால், கொடகனாற்று மணலைக் கையால் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குத்தவைத்துக் காத்திருந்து, சிரட்டையால் மொள்வது. அது ஆளுயரத்துக்கு எழும்பாது. ஆனால் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டாது. பவுண்டன் அப்படியில்லை. தொட்டியில் எடுத்த தண்ணீரைத் தூக்கிப் போட்டுத் தானே பிடித்துக்கொள்கிறது. ஒரே வெங்காயத்தைக் கொட்டிக் கொட்டி அள்ளி, குவியலைப் பெரிதாகக் காட்டுகிற வியாபாரிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் கூட்டம் கூடத்தான் செய்யும்.

கௌசல்யா முதல் அர்த்தத்தைப் பத்து வரியில் எழுதிவிட்டாள். இரண்டாவதற்கு, ‘இந்தப் பள்ளி அறிவின் ஊற்று’ என்று தொடங்கி, பேனாவை மூடி வைத்தாள்.

4

ஞானராஜை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். பத்து விரலிலும் மோதிரம் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அவர் தகரக் கொட்டகையில் படித்து வந்தவர். தன் பள்ளி வாசலில் இறங்குகிற பிள்ளை ஒரு நிமிடமாவது வாயைப் பிளந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆசை கெட்டதில்லை. வால்வுதான் ஒன்றாகப் போயிற்று.

“சார், கேர்ள்ஸ் பாத்ரூமுக்கு...”

“விழா முடியட்டும் மிஸ். தொட்டி ரொம்பாம மோட்டார் போட்டா காத்துதான் வரும். வர்ற அதிகாரி முன்னாடி அது கொர்ருனு இருமிட்டு நிக்கணுமா?”

“பிள்ளைங்க தண்ணியே குடிக்க மாட்டேங்குறாங்க சார்.”

“ஒரு வாரந்தான? நீங்க பேச்ச ரெடி பண்ணுங்க.” மேசை மேல் இருந்த ஒரு காகிதத்தை விரலால் தட்டினார். “ஒங்க பெர்மனன்ட் ஆர்டர். நாலு வருஷமா கேக்குறீங்க. நாளைக்கு விழா நல்லபடியா முடிஞ்சதும் கையெழுத்து.”

இதைக் கேட்டு அவள் வெகுண்டெழுந்தாள் என்று எழுத...

(எழவில்லை. “தேங்க்ஸ் சார்” என்றாள். நாலு வருஷம் காத்திருந்தவள் வேறு என்ன சொல்வாள்?)

5

விழா. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. தண்ணீர் எழும்பியது. பிள்ளைகள் ஞானராஜ் ஆசைப்பட்டபடியே வாயைப் பிளந்தார்கள். கௌசல்யா மைக் முன்னால் முதல் அர்த்தத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

அப்போது, பள்ளியைக் கூட்டிக் கழுவுகிற அய்யம்மாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வாளிகளோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.*

“செத்தத் தள்ளிக்கங்கய்யா” என்றாள் அதிகாரியிடம். அவரும் தள்ளிக்கொண்டார். பவுண்டன் விளிம்பில் ஒரு வாளியை வைத்துப் பிடிக்கத் தொடங்கினாள்.

[* வெளியூர் வாசகருக்கு: தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில் மோட்டார் சத்தம் கேட்டால் முதலில் பிடிக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. பெண் பார்க்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டுப் பெண்ணே குடத்தோடு ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘சூட்டிகையான பிள்ளை’ என்று அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.]

“யம்மா! என்ன பண்ற நீ?” என்றார் ஞானராஜ்.

“பிடிக்கிறேன்யா. மோட்டார் போட்டாகள்ல.”

“யாரு பிடிக்கச் சொன்னது?”

அய்யம்மாளுக்குக் கேள்வி பிடிபடவில்லை. தண்ணீர் பிடிக்க யாராவது சொல்ல வேண்டுமா என்ன? “பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குய்யா. அம்புட்டும் காஞ்சு கெடக்குல்ல” என்றாள். மைக் அதையும் வாங்கி மைதானம் முழுக்கப் பரப்பியது.

அதிகாரி தாளாளரைப் பார்த்தார். தாளாளரின் காது சிவந்தது. “நாளையிலேர்ந்து நீ வர வேணாம்” என்றார் அய்யம்மாளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. அதோடு விடாமல் மைக் பக்கம் திரும்பினார். கௌசல்யா நேற்று வந்து கேட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“மிஸ், நீங்க சொல்லித்தான் வந்தாளா?”

6

அ. “இல்ல சார்.” இது உண்மை. ஆர்டரில் கையெழுத்து விழும். அய்யம்மாள் போய்விடுவாள்.

ஆ. “ஆமா சார், நாந்தான் சொன்னேன்.” இது பொய். அய்யம்மாள் தப்பிக்கலாம். நீங்கள் கைதட்டுவீர்கள். கைதட்டுகிறவர்களில் ஒருவரும் கௌசல்யாவுக்கு வேறு பள்ளியில் வேலை வாங்கித் தரப்போவதில்லை. உண்மையை விடப் பொய்க்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிற சந்தை அபூர்வம். அதில் வந்து மாட்டிக்கொண்டாள்.

இ. தமிழ்மதியும் அவள் வகுப்பும் எழுந்து நின்று, “நாங்கதான் சார் சொன்னோம்!” இதை ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. கிழித்துவிட்டேன். தாளாளர் நிற்கும்போது ஒன்பதாம் வகுப்பு எழுந்திருக்காது. தலையைக் குனிந்துகொள்ளும்.

ஈ. (                    )

கௌசல்யாவின் வாய் மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. ஞானராஜ் காத்திருக்கிறார், அதிகாரி காத்திருக்கிறார், நானும் காத்திருக்கிறேன். அடைப்புக்குள் என்ன சொல்வது என்று நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

ஏனென்றால் அய்யம்மாள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முதல் வாளி நிரம்பிவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவதை நீட்டிவிட்டாள்.

நிரம்பிய வாளி தரையில் தளும்பிக்கொண்டு நிற்கிறது. கைப்பிடி உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.