எதிர்க்கட்சி ரசிகன்

ஜவஹருக்குக் கஸ்தூரிரங்கனைப் பிடிக்காது. இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவன் மேடையில் பாடினான், இன்னொருவன் கீழே உட்கார்ந்து கேட்டான், அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் ஜவஹருக்கு முகம் மாறிவிடும்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. அபிராமபுரத்தில் ஒரு காலி மனையின் குட்டைச் சுவர் மேல் சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். எல்லோரும் இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியங்கள். வெளிநாட்டு ரெக்கார்டுகளை யார் வீட்டிலாவது இரவல் வாங்கித் தேயத் தேயக் கேட்பார்கள். ஊருக்குள்ளேயே கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு வாசித்த இரண்டு கோஷ்டிகள் அவர்களுக்கு உயிர். ஒன்று 'ஆங்கர்ஸ்', மற்றது கஸ்தூரிரங்கன் பாடிய 'ப்ளூ கைட்ஸ்'. சுவரின் இந்தப் பக்கம் ஆங்கர்ஸ் கட்சி, அந்தப் பக்கம் ப்ளூ கைட்ஸ் கட்சி. ஆங்கர்ஸ் கட்சிக்கு ஜவஹர் தலைவன் மாதிரி. அப்பா தனபாலனுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. பகலெல்லாம் கடையில் துணி கிழித்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வந்துவிடுவான்.

எதிர்க்கட்சிக்குக் கோதண்டபாணி. மந்தைவெளிக்காரன், அச்சாபீஸில் வேலை.

"ஆங்கர்ஸ் வாசிச்சா ரெக்கார்டுல இருக்கிறது அப்படியே வரும்டா. ஒரு நோட்டு பிசகாது. அதான் வித்தை" என்பான் ஜவஹர்.

"அதுக்கு ரெக்கார்டையே போட்டுக் கேட்டுட்டுப் போலாமே நைனா, டிக்கெட் இன்னாத்துக்கு?" என்பான் கோதண்டபாணி. "கஸ்தூரி பாட்டு அவன் சொந்தப் பாட்டு. அவனே எய்தி, அவனே மெட்டு போட்டுக்கினு, அவனே பாடறான். உன் ஆளுங்க ஒரு வரி எய்துவானுங்களா?"

"எழுதினா போதுமா? தொண்டை வேணாமா? அந்தக் கடைசிப் பாட்டுல மேல போற எடம் வருதே, அப்ப மட்டும் மைக்கை ஜனங்க பக்கம் திருப்பிடறான் பாரு. ஏன்? அவனுக்கு எட்டாது. பயந்தாங்கொள்ளி."

இந்த இடத்துக்கு வந்தால் சண்டை முற்றிவிடும். கோதண்டபாணி சுவரிலிருந்து குதித்து இறங்குவான், யாராவது பிடித்து இழுப்பார்கள். ஒருமுறை சட்டைப் பொத்தான்கள் அறுந்தன. மறுநாள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல அதே சுவரில் உட்கார்ந்து, அதே பேச்சை விட்ட இடத்தில் தொடங்கினார்கள்.

ஐப்பசி பிறந்ததும் அடையாறில் ஒரு மைதானத்தில் இரண்டு கோஷ்டிகளையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். முதலில் ஆங்கர்ஸ், அப்புறம் ப்ளூ கைட்ஸ். இத்தனை நாள் வாய்ச்சண்டைக்கு இன்றைக்குத் தீர்ப்பு என்று இரண்டு கட்சியும் கூட்டம் சேர்த்துக்கொண்டு போயிற்று. ஆங்கர்ஸ் ஜோராக வாசித்தார்கள். ஜவஹருக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் இறங்கும்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மேடைக்கு மேலே கீற்றுப் பந்தல்தான். சற்று நேரத்தில் மழை வலுத்து, பந்தல் ஒழுகி, பலகையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

மைக் செட் போட்டவர் மயிலாப்பூர் மெஹபூப் அலி. வயதானவர். சாக்கையும் தார்ப்பாயையும் இழுத்துப் பெட்டிகளின் மேல் போட்டார். கஸ்தூரிரங்கன் கிடாரை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் வந்து நின்றான். மெஹபூப் அலி அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் குறுக்காக ஆட்டி, வேண்டாம் என்றார். கஸ்தூரிரங்கன் தலையாட்டிவிட்டுப் பின்வாங்கினான். ஜவஹர் முன்வரிசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். அவர் கையாட்டியதும் இவன் பின்வாங்கியதும் அவன் கண்ணில் நன்றாகவே பட்டன.

அவன் நாற்காலி மேல் ஏறி நின்றான். "மழையைச் சாக்கு வெச்சுத் தப்பிக்கிறான்டா! மேல போற எடம் வராதுடா அவனுக்கு! பயந்தாங்கொள்ளி!"

அவன் ஆட்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் கத்தினார்கள். யாரோ கைதட்டித் தாளம் போட்டார்கள். "பாடு, இல்லே எறங்கு! பாடு, இல்லே எறங்கு!" நனைந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு அந்தத் தாளமே ஒரு பாட்டாகிவிட்டது. மெஹபூப் அலி மறுபடியும் கையை ஆட்டினார். இந்த முறை கஸ்தூரிரங்கன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே நடுமேடைக்கு வந்தான். கடைசியில் பாட வேண்டிய பாட்டை முதலிலேயே எடுத்தான்.

நாலு வரி பாடினான். ஐந்தாவது வரிக்கு ஒரு கை கிடார்க் கம்பியில் இருக்க, வாயை மைக்கோடு ஒட்டவைத்தான். உடம்பு விறைத்தது. மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து அப்படியே பின்னால் சாய்ந்தான். பெட்டியிலிருந்து ஒரு பெரிய இரைச்சல் வந்தது.

கூட்டம் கைதட்டியது. விழுவதும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

"நடிக்கிறான்டா!" என்று ஜவஹர் கத்தினான்.

மெஹபூப் அலி ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். விளக்கெல்லாம் அணைந்தது. அப்போதுதான் கைதட்டல் நின்றது. மைக்கில் கரண்ட் பாய்ந்து விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று மறுநாள் காலை தெரிந்தது.

சில நாள் யாரும் சுவர்ப் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பேச்சு மறுபடியும் கிளம்பியது. ஆனால் இப்போது இரண்டு கட்சி இல்லை. நேற்றுவரை ஆங்கர்ஸ் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களே, கஸ்தூரியைப்போல ஒருத்தன் பிறக்க முடியாது என்றார்கள். கடைசிப் பாட்டை மழையில் நின்று பாடினானே, வீரன் என்றார்கள். யாரும் தாளம் போட்டதைப் பற்றிப் பேசவில்லை. கோதண்டபாணி ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து ஜவஹரைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இவனுங்க புகழ்றதைக் கேட்டா வாந்தி வருது" என்றான். "கஸ்தூரியோட அக்கா உன்னைப் பார்க்கணும்னு சொல்லிச்சு. மாட வீதிக்குப் பின்னால வூடு. வர்றியா?"

"என்னை எதுக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? கேட்டுச்சு, சொல்லிட்டேன்."

"நான் கத்தினது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்" என்றான் கோதண்டபாணி.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் ஜவஹர் நினைத்தான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் கைதட்டல் காதில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை போனான்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, ஒடுக்கமான வீடு. கோதண்டபாணி வாசலோடு நின்றுகொண்டான். கதவைத் திறந்த விஜயலக்ஷ்மிக்கு முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா சங்கரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"உக்காருங்கோ" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "கஸ்தூரி ஆத்துல பாடினதே இல்லை. அப்பாவுக்குப் பிடிக்காது. நானும் ஒரு நாள் போய்க் கேட்டதில்லை. அதெல்லாம் ஒரு சங்கீதமான்னு எனக்கும் எண்ணம். இப்போ வரவா எல்லாரும், அவனை மாதிரி உண்டா, அவனை மாதிரி உண்டாங்கறா. செத்துப்போனவனைப் பத்தி வேற என்ன சொல்லுவா? அவன் பாட்டு நன்னா இல்லைன்னு சொன்னவர் நீங்கதானாம். அதான் கேக்கறேன். நிஜத்தைச் சொல்லுங்கோ. அவன் நன்னாப் பாடுவானா?"

"நல்லாப் பாடுவாருங்க."

"இதைச் சொல்லத்தான் ஊர் முழுக்க இருக்காளே. நீங்க எதுக்கு?"

ஜவஹர் தரையைப் பார்த்துக்கொண்டான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். குரல் மெல்லிசு. மேலே போகும்போது சுருதி இறங்கிவிடும், அது அவருக்கே தெரியும், அதனால்தான் அங்கே மைக்கைத் திருப்பிவிடுவார். கிடார் சுமார்தான், வேகமான பாட்டில் கை பின்தங்கும். இதையெல்லாம் அவன் சுவரில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அப்போது வாயில் இனித்தது. இப்போது ஒவ்வொன்றையும் பிடுங்கி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளைப்போல முகத்தை அசைக்காமல் கேட்டாள்.

"நன்னா இருந்தது ஒண்ணுமே இல்லையா?"

"இருந்துச்சுங்க. மெதுவான பாட்டுன்னா வரியை முடிக்கமாட்டார். கடைசி வார்த்தையைப் பாதியில விட்டுட்டு நிப்பார். அடுத்தது வரும் வரும்னு மொத்த ஜனமும் முன்னால சாயும். அது ஆங்கர்ஸுக்கு வராது. யாருக்கும் வராது. அந்த எடத்துல கை தட்டிடக்கூடாதுன்னு நான் ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சுக்குவேன்."

விஜயலக்ஷ்மி கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். "அதைப் பாடிக் காட்ட முடியுமா?"

"எனக்குப் பாட வராதுங்க. யார்கிட்டயாவது டேப் இருக்கும்…"

"கேட்டாச்சு. ஒருத்தர்கிட்டயும் இல்லை."

அவன் பாடினான். கட்டைக் குரலில் இரண்டு வரி. அவமானமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, வார்த்தையில்லாமல் மெட்டை மட்டும் முனகினாள்.

"இப்படியா?"

"இல்லீங்க, கடைசியில இன்னும் கொஞ்சம் கீழ."

"இப்படியா?"

"ஆமாங்க. அங்கதான் நிறுத்துவார்."

அவளும் அங்கேயே நிறுத்தினாள். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கண் திறந்திருந்தது.

"மேல போற எடம்னேளே, அன்னிக்கு அது வந்ததா?"

"அந்த எடத்துக்கு வரவே இல்லீங்க. அதுக்குள்ள…"

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். இப்போது குரல் மாறியிருந்தது. "முதல்ல கத்தினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"மைக் செட்காரரைப் போலீஸ்ல பிடிச்சு வெச்சிருக்கா. அவரோட அஜாக்கிரதைதான் காரணமாம். அவர் வேண்டாம்னு கையை ஆட்டினார்னு கோதண்டபாணி சொல்றார். ஆனா அவர் பின்னாடி உக்காந்திருந்தாராம், சரியாப் பார்க்கலையாம். நீங்க பார்த்தேளா?"

"பார்த்தேன். ரெண்டு தடவை ஆட்டினார்."

"பார்த்துண்டே கத்தினேளா?"

ஜவஹர் எழுந்து நின்றான்.

"போய் அதைச் சொல்லுங்கோ. எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்களை நான் மன்னிக்கப் போறதும் இல்லை. அந்த மனுஷர் ஒரு தப்பும் பண்ணலை, அதைச் சொல்லுங்கோ." எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

கடையில் விஷயத்தைச் சொன்னபோது தனபாலன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "ஏல, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நான்தான் கத்துனேன், அவன் செத்தான்னு நீயே போயி எழுதிக் குடுப்பியா? நாலு பேரு வந்து போற கடை இது. ஸ்டேஷன் வாசல மிதிச்சன்னா இங்க வராத."

"அந்த மைக் செட் பெரியவரு உள்ள கெடக்காருப்பா."

"கெடந்தா கெடக்கட்டும். நமக்கென்ன?"

ஜவஹர் ஸ்டேஷன் வாசலை மிதித்தான். இன்ஸ்பெக்டர் அவன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில், "என்னையும் பிடிப்பீங்களா சார்?" என்று கேட்டான்.

"எதுக்கு? கத்தினதுக்கா? அதுக்கு ஏதுப்பா செக்ஷன்? அப்படிப் பார்த்தா மைதானத்தையே இல்ல உள்ளே போடணும்" என்று அவர் சிரித்தார். அவன் ஏதோ தண்டனையை எதிர்பார்த்துத்தான் போயிருந்தான் என்பது அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் அவனுக்கே தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் வெகுநேரம் நின்றான்.

மெஹபூப் அலியை விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவரைக் கல்யாணத்துக்கோ கூட்டத்துக்கோ கூப்பிடவில்லை. ஆளைக் கொன்ற மைக் செட் என்று பெயராகிவிட்டது. ஜவஹரை அவன் அப்பா ஒரு வாரம் கடைக்குள் விடவில்லை. அப்புறம் தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் போதாமல் அவரே கூப்பிட்டுக்கொண்டார். அபிராமபுரத்துச் சுவருக்கு அவன் மறுபடி போகவில்லை. ஆங்கர்ஸ் பெரிய பெரிய ஹோட்டல்களில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டான். கஸ்தூரிரங்கனின் கடைசிப் பாட்டையும் அவர்கள் வாசிக்கிறார்களாம், மேலே போகிற இடத்தைப் பிசகாமல் பாடுகிறார்களாம்.

மார்கழியில் ஒரு நாள் அவன் மெஹபூப் அலியைத் தேடிப் போனான். மயிலாப்பூரில் ஒரு சின்ன அறை. ஒலிபெருக்கிகளை விற்றுவிட்டிருந்தார். மிச்சமிருந்த ஒயர்களை முழங்கையில் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஜவஹர் தன் பெயரைச் சொன்னான்.

"தெரியும் தம்பி. இன்ஸ்பெக்டர் சொன்னார். நீ வந்து சொல்லலேன்னா நான் இன்னும் உள்ளேதான் இருப்பேன்." ஒயரைச் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: "நான் கையை ஆட்டினதை நெசமாவே பார்த்தியா? இல்லே, பாவம் கெழவன்னு சொன்னியா?"

"பார்த்தேன் பாய்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

கிழவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரைப்போல இருந்தது.

"அப்புறம் ஏன் தம்பி கத்தினே?"

"அவரைவிட ஆங்கர்ஸ் ஒசத்தின்னு…" என்று ஆரம்பித்தான் ஜவஹர்.

மெஹபூப் அலி சற்று நேரம் காத்திருந்தார். பிறகு ஒயரின் நுனியை முடிந்து மூலையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.