மூன்றாம் எண் பை

கம்பெனியில் என்னைக் கரித்துக்கொட்டாதவர்கள் குறைவு. சுங்குவார்சத்திரம் தாண்டி, லாரிக்கு பிரேக் டிரம் செய்கிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு நூல் பிசகினாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரம் தள்ளிவிடுவேன். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் சரி, முறைத்தாலும் சரி. "நடேசன் கையில மாட்னா பெத்த புள்ளைக்கே செவப்பு அடிச்சிருவான்" என்பார்கள். சொல்லட்டும். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அதனால்தான் பை விவகாரத்தை என் தலையில் கட்டினார்கள். ஆயுத பூசைக்கு ஆளுக்கொரு ஏர்பேக் கொடுப்பது கம்பெனி வழக்கம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செய்யாறு, வந்தவாசிப் பக்கம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி, திங்கள் காலை நேராக மெஷினுக்கு வந்து நிற்பவர்கள். போகும்போது அழுக்குத் துணி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம். வரும்போது அரிசி, துவைத்த துணி. எல்லாம் அந்த ஒரு பைக்குள்தான். போன வருஷம் கொடுத்த பை, தீபாவளிக்கு முதல் நாள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நாகப்பன் கையிலேயே பிடி அறுந்து விழுந்தது. சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன அதிரசத்தின்மேல் பஸ் சக்கரம் ஏறியது. நாகப்பன் எங்கள் தொழிலாளர் கமிட்டித் தலைவர். இந்த வருஷம் பையை நாங்களே சோதித்து எடுப்போம் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்துவிட்டார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் பையோடு இறங்குகிறவனையெல்லாம் போலீஸ் நிறுத்திப் பிரித்துப் பார்த்ததால், ஜிப்பும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

விதியை நான்தான் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பைக்குள் இருபது கிலோ கழிவு இரும்பு. கப்பியில் கயிறு போட்டு, முழங்கால் உயரத்துக்கு வெடுக்கென்று தூக்கி விட வேண்டும். நூறு தடவை. இருபதுக்கு ஒரு முறை நான் உள்ளே கைவிட்டுத் தையலைப் பார்ப்பேன். ஒரு நூல் அறுந்திருந்தாலும் பை அவுட். யார் தைத்தது என்று தெரியக்கூடாது, எண் மட்டும்தான்.

சோதனை திங்கள்கிழமை. ஞாயிறு காலை, பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் தங்கை சுந்தராம்பாள் ஒரு பச்சை ஏர்பேக்கோடு வந்து நின்றாள். என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன்.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?"

"உங்க கம்பெனிக்கு மாதிரிப் பைண்ணா. நாளைக்கு கேட்ல குடுக்கணும்."

அவள் புருஷன் முனிரத்தினத்துக்குக் குன்றத்தூரில் நாலு மெஷின் போட்ட பைத் தையல் கடை. எங்கள் ஆர்டருக்கு அவனும் போட்டி போடுகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஜிப்பை இழுத்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். மூன்று புடவை, ஒரு சீப்பு, ரேஷன் சோப்பு.

"துணியெல்லாம் எதுக்கு?"

"ஆர்டர் கெடச்சா திரும்பி வா, கெடைக்கலன்னா உங்கண்ணன் வூட்லயே இருன்னு சொல்லி அனுப்பிச்சாரு."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு தடவை அவள் இப்படி வந்திருக்கிறாள். முதல் தடவை உதடு கிழிந்திருந்தது. அடுத்த தடவை முழங்கையில் இஸ்திரிப்பெட்டிச் சூடு. இரண்டு தடவையும் நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சி விட்டுவிட்டு வந்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? அப்பா அம்மா இல்லை. ஊர் வாய் இருக்கிறது. வாழாவெட்டி என்று ஒரு பேர் ஒட்டிவிட்டால் போகாது என்று பயந்தேன். இப்போது அவனே துரத்திவிட்டால் யார் காலில் போய் விழுவது?

"நீ பயப்படாத. அண்ணன் பாத்துக்கறேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நீ எப்பவும் பாக்கற மாதிரியே பாருண்ணா. எனக்கோசரம் ஒண்ணும் பண்ணிடாத."

என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் கேன்டீன் முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் பை மினுக்கும் ரெக்சின். முப்பத்தைந்தாவது தூக்கில் அடி பிளந்து இரும்பு கொட்டியது. இரண்டாவது, அழுக்குச் சாம்பல் நிறத்தில் முரட்டுக் கேன்வாஸ். அதன் கைப்பிடிப் பட்டி அடிப்பக்கம் முழுக்கச் சுற்றி மறுபுறம் ஏறியது. கனத்தைத் துணியில் ஏற்றாமல் பட்டியே வாங்கிக்கொள்ளும். நெடுநாள் உழைக்கிற பையை அப்படித்தான் தைப்பார்கள். நூறும் தாங்கியது, ஜிப்பும் அசையவில்லை.

"எழவு வூட்டுக்குப் போற பை மாதிரி கீது" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று என்று அட்டை கட்டிய பச்சைப் பை வந்தது. வெளியே இரண்டு பாக்கெட், தோளில் மாட்ட வார். பார்த்ததும் ஆட்களுக்குப் பிடித்துவிட்டது. பட்டி பாதி உயரத்தோடு நின்றிருந்தது. உள்ளே துண்டுத் துணி கொடுத்து அழுத்தித் தைத்திருந்தால் அதுவும் தாங்கும். இரும்பை நிரப்பிக் கயிற்றை இழுத்தேன். இருபதில் கைவிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. நாற்பதிலும் சரி.

அறுபதில் இடது பிடிக்குக் கீழே நூல் முனை ஒன்று விரலில் குத்தியது. தடவிப் பார்த்தேன். இரண்டு வரிசைத் தையலில் ஒன்று முழுக்கப் போயிருந்தது. மற்றதும் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது.

கையை வெளியே எடுக்காமல் குனிந்தபடியே நின்றேன். வேறு யாராவது தைத்த பை என்றால் இந்நேரம் காலால் தள்ளியிருப்பேன். பாயில் கிடந்த மூன்று புடவையும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"இன்னா நடேசா, உள்ள பொதையலா கீது?" என்றார் நாகப்பன்.

"ஓக்கே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் தோளை மட்டும் வெடுக்கென்று ஆட்டினேன். கயிற்றைப் பதமாக இழுத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எண்பதில் கைவிட்டுப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். பிடியைத் தொடவே இல்லை. தொண்ணூற்று மூன்றில் உள்ளேயிருந்து கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. நாகப்பன் இரண்டு அடி முன்னால் வந்தார்.

"இன்னா சத்தம் அது?"

"கப்பி. எண்ண போடணும்."

அவர் கப்பியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பத்து வருஷத்தில் என்னிடம் ஒரு பொய் கேட்டிராத மனுஷன், நம்பிவிட்டார். மீதி ஏழு தூக்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். தாங்கிய இரண்டில் எது வேண்டும் என்று கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாக் கையும் மூன்றாம் எண்ணுக்குத்தான் உயர்ந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கெல்லாம் பர்ச்சேஸ் ஆபீசிலிருந்து குன்றத்தூருக்குப் போன் போய்விட்டது.

சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தபோது சுந்தரா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆர்டர் உங்களுக்குத்தான்! பச்ச பைய எடுத்துட்டாங்க!"

அவள் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று.

"நூறு தபா தூக்கினியா?"

"தூக்கினேன்."

"பொய் சொல்றண்ணா. அது எழுவது தாங்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான தச்சேன். எடது பிடிக்கு உள்ள குறுக்குத் தையல் போடல. நூலும் இத்துப்போன நூலாப் பாத்துதான் போட்டேன்."

"அவசரத்துல வுட்டுட்டியா?"

"ஒரு அவசரமும் இல்ல. வேணும்னே வுட்டேன்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தபா வந்தேன். ஒதட்டக் காட்டினேன், கையக் காட்டினேன். ரெண்டு தபாவும் கூட்டிம்போய் வுட்டுட்டு வந்த. போகமாட்டேன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. ஆனா ஒரு நூலு அறுந்தா நீ வுட மாட்டேன்னு எனக்குத் தெரியும். பை பெயிலானா அவரே வராதன்னுடுவாரு. அப்ப நீ என்னத் திருப்பி அனுப்ப முடியாதில்ல? அத நம்பித்தான் வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை அதற்கு முன்போ பின்போ நான் பட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

"மச்சான்னா மச்சான்தான்!" முனிரத்தினம் லட்டு டப்பாவை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான். "சுந்தரா, கெளம்பு. எரநூத்தி நாப்பது பை. இன்னிக்கே மெஷின்ல குந்தணும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. போய்ப் புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"மாப்ள, உங்க பை பெயிலு" என்றேன்.

அவன் சிரித்தான். "போன்ல சொன்னாங்களே?"

"என்ன நம்பிச் சொன்னாங்க. அறுவதுலயே நூலு பூட்ச்சி. நான் மறச்சிட்டேன். காலைல போய் சொல்லிட்டு, ரெண்டாம் நம்பர எடுக்கச் சொல்லப்போறேன்."

சிரிப்பு போய்விட்டது. டப்பாவை இழுத்து மூடினான்.

"அப்ப இவ இங்கயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு நகராமல் நின்றான். எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். போன இரண்டு தடவையும் இதே வார்த்தையைச் சொன்னான்; சொன்ன உடனே நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதும் பிடிப்பேன் என்று காத்திருந்தான். பழக்கத்தில் என் கை கொஞ்சம் முன்னால் போகவும் செய்தது. இழுத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

"யோசிச்சுப் பேசு மச்சான். அப்பறம் நீயே கொண்டாந்து வுட்டாலும் கதவு தொறக்க மாட்டேன்."

"கொண்டாந்து வுட மாட்டேன். நீங்க கெளம்புங்க."

அவன் சுந்தராவைப் பார்த்தான். அவள் தலை தூக்கவில்லை. லட்டு டப்பாவோடு வெளியே போனான். வண்டிச் சத்தம் ரோட்டில் திரும்பி மறைந்தது.

"வேல போய்டுமாண்ணா?"

"தெரியல. இன்ஸ்பெக்‌ஷன்ல இனிமே வெச்சிக்க மாட்டாங்க. அத்தினி பேரு முன்னாடி ஏமாத்தியிருக்கேன்."

"எதுக்கு ஏமாத்தினன்னு கேப்பாங்களே. என் பேச்ச எடுக்காதண்ணா, மானம் போய்டும். தல சுத்திச்சு, எண்ணிக்க தப்பிடுச்சின்னு சொல்லிடு."

"மாட்டேன். என் தங்கச்சிய அவ புருஷன் அடிக்கறான், அது தெரிஞ்சே ரெண்டு தபா நானே கொண்டும்போய் வுட்டேன்னு சொல்வேன். அத மொதல்ல சொல்வேன். பை கத அதுக்கப்புறம்தான்."

கையிலிருந்த புடவையை அவள் அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். உதடு கிழிந்து வந்தபோதும், கை வெந்து வந்தபோதும் என் எதிரில் அழாதவள், அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.