கொத்தமல்லியும் உப்பும் போட்ட பீர்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. ஒரு மாத இதழ் ‘ரசனை’ என்று சிறப்பிதழ் போட்டது. வீட்டிலேயே பீர் காய்ச்சி ரசித்துக் குடிப்பது பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் போன் செய்தார்.

“சார், பிரமாதமா இருக்குது. ஆனா தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம வீட்டுல காய்ச்சினா கேஸு. எங்க வக்கீல் இத கதையா மாத்திடச் சொல்றாரு. கதையில யார வேணாலும் காய்ச்ச வைங்க.”

ஆகவே காய்ச்சுவது நான் இல்லை. ராஜவேல். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். அவரை நேற்றுதான் உருவாக்கினேன். அதற்குள் லேசாகத் தொப்பை போட்டுவிட்டார்.

(கதையில் யாராவது குடிக்கும் இடங்களில் பக்கத்தின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓடுவதாக நினைத்துக்கொள்ளவும். சினிமாவுக்கு இருக்கும் அந்த வசதி கதைக்கு இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: விடியற்காலையில் உப்பளம் வெள்ளைச் சேலை விரித்தாற்போல

வேண்டாம். உப்பளம் என்று எழுதினாலே வெள்ளைச் சேலை வந்து நிற்கிறது.

தொடக்கம் இரண்டு: “இன்னாங்க, மாடியில சாராய வாடை அடிக்குது?” என்றாள் ரேணுகா.

இது பரவாயில்லை. ஆனால் ரேணுகா யார் என்று சொல்லியாக வேண்டும். ராஜவேலின் மனைவி. ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற தெருவில் இருக்கும் மதுக்கடையை எடுக்கச் சொல்லி, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மனுவும் கையுமாக அலைகிறவள். அவள் மூக்கில் வாடை ஏறிவிட்டால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். எனவே அவளுக்குத் தீராத சைனஸ் கொடுத்திருக்கிறேன். எழுதுகிறவனால் இந்த அளவுக்குத்தான் முடியும்.

மூன்றாவது தொடக்கம் பெங்களூரில். அதுவே இருக்கட்டும்.

3

ராஜவேலின் மகள் நிவேதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ரேணுகா பக்கத்துக் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மகள் அப்பாவை ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய செம்பு அண்டாக்கள்.

“ஸ்வீட் கடையாம்மா?”

“உள்ள வாப்பா, சொல்றேன்.”

ராஜவேல் குடிக்கவே குடிக்காதவர் அல்ல. இளவயதில் பாண்டிக்குப் போய் இரண்டொரு தடவை குடித்தார். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்ததுபோல இருந்ததால் விட்டுவிட்டார். இப்போது மகள் நகர்த்திவைத்த கிளாஸில் கலங்கலாக, வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“ரசம் மாரி இருக்குதே.”

“ரசமேதான். கொத்தமல்லி விதை போட்டிருக்காங்க. கொஞ்சம் புளிப்பு. அப்புறம் உப்பு. ஜெர்மனியில ரொம்பப் பழைய வகைப்பா இது.”

“உப்பா? பீர்லயா?”

இந்த இடத்தில் அவர் முகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். விஷயம் இதுதான். அவர் வாழ்நாளெல்லாம் உப்பு விளைவித்தவர். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஜனங்கள் பேசுவார்கள். சரியாக இருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே பக்கத்து மேசையில் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு, “அந்த உப்பு கடைசியா வருது பாரு” என்று சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ராஜவேலுக்கு எழுந்துபோய் அவன் கையைக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

ஊர் திரும்பும்போது அவர் தீர்மானித்திருந்தார். நம் உப்பு, நம் கொத்தமல்லி. ஜெர்மனிக்காரன் எதற்கு?

4

மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவும், ஈஸ்ட்டும் நிவேதா பார்சலில் அனுப்பினாள். ஈஸ்ட் நார்வே நாட்டு வகை. நம் ஊர் உஷ்ணத்திலும் குஷியாக வேலை செய்யுமாம். பாத்திரங்களுக்கு ராஜவேல் ஈசிஆர் ரோட்டில் இருக்கும் ஜஹாங்கீர் பாயின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். பாய் சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர்.

“மூடி இறுக்கமா இருக்கிற பக்கெட்டு ஒண்ணு, மெல்லிசு டியூப்பு, கீழ வைக்கிறதுக்கு ஒரு குழாய்” என்றார் ராஜவேல்.

ஜஹாங்கீர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார்.

“சவுதியில எங்க ரூம்ல ஒருத்தன் இதே ஐட்டம்தான் வாங்கியாந்தான்.”

“அப்டியா பாய்?”

“ஆமா. ஒரே வாரத்துல ஃபிளைட் ஏத்தி அனுப்பிட்டாங்க.”

“நான் மாடித் தோட்டத்துக்கு உரம் போடறேன் பாய். இயற்கை உரம்.”

“மாஷா அல்லாஹ். நல்லா வளரட்டும்” என்று சொல்லி ஜஹாங்கீர் பையைக் கட்டிக் கொடுத்தார்.

[ஜஹாங்கீர் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு நாசூக்கான ஆள் கதைக்குள் வந்தால் மற்றவர்கள் எல்லாரும் முட்டாளாகத் தெரிவார்கள். அவரைக் கடையிலேயே விட்டுவிடுகிறேன்.]

5

மாடி அறையில் காய்ச்சினார். மால்ட் தண்ணீரில் ஊறியபோது ஹார்லிக்ஸ் வாசனை வந்தது. ஹாப்ஸ் கொதித்தபோது ஏதோ லேகியம் கிண்டுவதுபோல் இருந்தது. கடைசியில் கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டார். அப்புறம் தன் பாத்தியில் விளைந்த உப்பை ஒரு கை. ஆறிய பிறகு ஈஸ்ட்டைத் தூவி மூடினார். மறுநாள் பக்கெட் மூடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டிருந்த டியூப் ‘குளுக் குளுக்’ என்று பேச ஆரம்பித்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைக்குப் பேச்சு வந்ததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே குழுப் பெண்களிடம் ரேணுகா பெருமையாகச் சொன்னாள்: “அவரு உரம் போடறதுல எறங்கிட்டாரு. செல்போனையே தொடறதில்ல.”

நுரை அடங்கியதும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். இன்னும் கேஸ் ஏறாத, வெதுவெதுப்பான, கலங்கல் தண்ணீர். ஆனால் கடைசியில், நாக்கின் ஓரத்தில், அந்த உப்பு வந்தது. ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. (மிகை என்று நினைக்கலாம். நீங்கள் சொந்தமாகக் காய்ச்சியதில்லை. நானும் காய்ச்சியதில்லை என்பதை வக்கீலுக்காகப் பதிவு செய்கிறேன்.)

பாட்டிலில் அடைக்கும்போது கேஸ் வருவதற்குத் துளி சர்க்கரை போடவேண்டும் என்று நிவேதா சொல்லியிருந்தாள். ஆசையில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு மூடிவிட்டார். மாடி அறைக்குத் தகரக் கூரை. மாதமோ சித்திரை.

6

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மறுநாள் கலெக்டர் ஆபீஸில் மனுநாள். விழுப்புரம் போவதற்கு முன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க, குழுப் பெண்கள் ரேணுகா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரேணுகா மனுவைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“...மேற்படி கடையினால் பெண்களும் பள்ளி மாணவியரும் சொல்லொணாத் துயரத்துக்கு...”

மாடியில் ‘டப்’ என்றது.

“பட்டாசா?”

‘டப். டப் டப்.’ அதன்பிறகு எண்ண முடியவில்லை. கண்ணாடி சிதறும் சத்தம். “ஐயோ, அவரு மேலதான இருக்காரு!” என்று ரேணுகா எழுந்தாள். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கும் பைப் வழியாக வாசலில் வெள்ளை நுரை கொட்டத் தொடங்கியது. வாசலில் விட்டிருந்த செருப்புகள் ஒவ்வொன்றாக மிதந்தன. ஒருத்தி குனிந்து முகர்ந்தாள்.

“அக்கா, இது உரம் இல்ல.”

(சிரிப்புக் கதையாக இங்கேயே முடித்திருக்கலாம். ஆசிரியருக்கும் அதுதான் பிடித்திருந்தது.)

7

ஆனால் அந்தக் கூட்டத்தில் அஞ்சம்மாள் இருந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை. மரக்காணத்தில் சாராயம் பற்றி எழுதினால் அவள் வராமல் இருக்கமாட்டாள் என்பது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அஞ்சம்மாள் உப்பளக் கூலி. அவள் புருஷன் விஷச் சாராயத்தில் போனவன். ரேணுகாவுக்கு முன்னால் அவள்தான் மாடிப்படி ஏறினாள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில், கையில் கீறலுடன், சட்டையெல்லாம் நனைந்து ராஜவேல் நின்றிருந்தார். பின்னால் வந்த ரேணுகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“குடிச்சீங்களாண்ணே?” என்றாள் அஞ்சம்மாள்.

“கொஞ்சம்.”

“எப்போ?”

“மத்தியானம். அஞ்சம்மா, இது அந்த மாரி இல்லம்மா. பார்லி, கொத்தமல்லி, நம்ம உப்பு. வேற ஒண்ணும் கலக்கல. கலந்தாத்தான் விஷம்.”

“வித்தவனும் ஒண்ணும் கலக்கலன்னுதான் சொன்னான்.”

அவரை நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராகக் கையைத் தூக்கினாள்.

“எத்தினி வெரலு?”

“மூணு.”

“இப்போ?”

“ரெண்டு. அஞ்சம்மா...”

“பேசாதீங்க. அவரும் இப்டித்தான் சிரிச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. வயித்த வலிக்குதுன்னு கூட சொல்லல. காலைலதான், ‘ஏம்மே, இன்னும் விடியலயா’ன்னு கேட்டாரு. வெயில் ஏறிக்கினு இருந்தது.”

ராஜவேல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு அரித்த விரல்கள். அவள் மாற்றி மாற்றிக் காட்ட, அவர் சின்னப் பிள்ளை மாதிரி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

(இந்தப் பகுதியில் ஒரு வேடிக்கை வரி எழுதிப்பார்த்தேன். நிற்கவில்லை.)

கீழே பெண்கள் கையெழுத்துப் போடாமல் கலைந்துபோனார்கள். ரேணுகா துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைப் பெருக்கினாள். ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“என் மூக்குல கோளாறுன்னு தெரிஞ்சிக்கினுதான இத செஞ்சீங்க?”

அதற்கு ராஜவேலிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

8

முடிவுகள்:

அ) ரேணுகா மனுவைக் கிழித்துவிடுகிறாள். (அவ்வளவு சுலபமாகக் கிழிப்பவள் அல்ல.)

ஆ) ராஜவேல் திருந்தி, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். (வக்கீலுக்குப் பிடிக்கும்.)

இ) எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (நான் வெட்கப்படுகிறேன்.)

நடந்தது இதுதான். மறுநாள் காலை அஞ்சம்மாள் வந்து கேட்டைத் தட்டினாள். ராஜவேல் லுங்கியோடு வெளியே வந்தார். தெருமுனையில் உப்பு லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

“அந்த லாரி நம்பரு படிங்க.”

படித்தார். அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்ற ரேணுகாவைப் பார்த்தாள். ரேணுகா, சரி என்று தலையை ஆட்டினாள். அஞ்சம்மாள் பெருமூச்சு விட்டு, இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். மனுவைக் கூடத்திலிருந்து முந்தின நாளே எடுத்துப் போயிருக்கிறாள். ராத்திரிக்குள் வீடு வீடாக அலைந்து எல்லாருடைய கையெழுத்தையும் வாங்கிவிட்டாள். கடைசியில் தன் கட்டைவிரல் ரேகை. அதற்குக் கீழே இடம் விட்டிருந்தாள்.

“ஆம்பளைங்க ஒருத்தர் கூட போடல. நீங்க போடுங்கண்ணே.”

“நானா? நான் போட்டா ஊரு சிரிக்காதா?”

“கண்ணு தெரியுது இல்ல உங்களுக்கு? அப்ப போடுங்க.”

ராஜவேல் ரேணுகாவைப் பார்த்தார். போட்டால் இவரைப்போல வேஷக்காரர் ஊரில் இல்லை என்று ஆகும். போடாவிட்டால் ரேணுகா எந்த முகத்தோடு விழுப்புரம் பஸ் ஏறுவாள்? அவளோ போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் பேனாவின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவ்வளவுதான்.

பேனா அவர் கையில் இருக்கிறது. எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. நீங்கள் குடிப்பவரோ குடிக்காதவரோ, இனி அந்தக் கை உங்கள் பொறுப்பு. அதிகம் யோசிக்க அவகாசம் இல்லை. அஞ்சம்மாள் கேட்டைப் பிடித்தபடி நிற்கிறாள்.

“வேலைக்கு நேரமாவுது. சீக்கிரம்ணே.”