அரைகுறைப் பயிற்சி

கணித ரீச்சர் வரச்சொன்னதாகக் கேட்டதும், மகள் ஏதோ குழப்படி செய்துவிட்டாளாக்கும் என்று கத்தரீனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. யூலியானா குழப்படியே தெரியாத பிள்ளை. எந்நேரமும் கணக்குக் கொப்பி, அதை விட்டால் பழைய வினாத்தாள். அப்படிப் படித்தும் மூன்று தவணையும் இருபத்தேழு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால்தான் சித்தி. சாதாரணதரப் பரீட்சையிலும் இப்படியே போனால் உயர்தர வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

துஷாந்தி ரீச்சர் விடைத்தாளை நீட்டினார். முதல் நான்கும் முழுச் சரி. ஐந்தாவதில் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை.

“அஞ்சாவதிலேயே நிண்டிட்டா அம்மா. மிச்சம் எல்லாம் அவவுக்குத் தெரிஞ்ச கணக்கு.”

வீட்டுக்கு வந்து கத்தரீனா மகளைப் பிடித்தாள். “ஏனடி பிள்ளை, வராட்டில் விட்டிட்டுப் போறதுக்கென்ன?”

“நீங்கள்தானே சொல்லுறனீங்கள், துவங்கின வேலையை முடிக்காமல் எழும்பக் கூடாதெண்டு?”

வலையில் நண்டு கழற்றினாலும் கோப்பையில் புட்டு மிஞ்சினாலும் கத்தரீனா வீட்டில் அதுதான் சட்டம்.

அன்று பின்னேரமே சட்டம் மாறியது. ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம். தொலைபேசியில் வைத்த மணி அடித்ததும் அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

“விடு!”

“ஒரு வரிதான் அம்மா…”

“விடெண்டா விடு!”

பேனையைப் பிடுங்க வேண்டியிருந்தது. யூலியானா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். “அப்ப மணி அடிச்சால் நீங்களும் உங்கடை வேலையை விடவேணும்.”

ஒப்புக்கொண்ட பிறகுதான் கத்தரீனாவுக்கு வினை விளங்கியது. முற்றம் பாதி கூட்டியபடி கிடந்தது. மீன் பாதி வெட்டியபடி கிடந்தது; பூனைக்குத்தான் நல்ல காலம். ஒருநாள் மகளுக்குத் தெரியாமல் மிச்ச முற்றத்தைக் கூட்டப் போய், விளக்குமாறும் கையுமாக அகப்பட்டாள்.

கடலால் வந்த கணவன் றஜீபன் வாசலிலேயே நின்றுவிட்டான். “என்னப்பா, எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு? ஊரிலை ஆரும் செத்திட்டினமோ?”

“பிள்ளை படிக்குது,” என்றாள் கத்தரீனா.

இரண்டு மாதம் இப்படியே போனது. சாதாரணதரத்துக்கு முந்திய கடைசிப் பரீட்சை முடிந்து விடைத்தாள் வந்தது. அங்கங்கே பல்லுப்போன வாய்போல வெற்றிடங்கள். நடுவே சிவப்பு மையில் நாற்பத்தொன்று.

கத்தரீனா ஏழாவது கணக்கில் விரலை வைத்தாள். “இதேன் விட்டனி?”

“வரேல்லை. விட்டிட்டன்.” வெட்கமோ துக்கமோ இல்லாமல் சொல்லிவிட்டு, யூலியானா தாளை வாங்கி மற்றப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். “இஞ்சை பாருங்கோ, கடைசிக் கணக்கு முழுக்கச் சரி.”

அதற்குமேல் கத்தரீனாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. அல்லைப்பிட்டிக் கரைக்கு ஓடினாள். றஜீபனின் வள்ளம் இன்னும் இடுப்பளவு தண்ணீரில் நின்றது.

“நாப்பத்தொண்டு!” என்று கத்தினாள்.

“நண்டோ?”

“கணிதமப்பா!”

றஜீபன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

“ஆருக்கு?” என்றான்.