காலியாக இருந்த மாடி

எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, தனிக் குழாய், வெளியிலிருந்தே ஏறுகிற படிக்கட்டு. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் நான்கு வருஷம் குடியிருந்துவிட்டு ஏப்ரலில் மாற்றலாகிப் போய்விட்டார். ஆணி ஓட்டைகளை அடைத்து வெள்ளையடித்தோம். சாவியை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான், தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்னரசுவுக்கு வீடு தேடி ஆரணியைச் சுற்றினேன்.

தென்னரசு என்னோடு வேலூரில் பாலிடெக்னிக் படித்தவன். ஹாஸ்டலில் ஒன்றரை வருஷம் இருவருக்கும் ஒரே அறை. ஒரே வாளி, ஒரே சோப்பு. இரண்டாம் வருஷம் ஐந்து பேப்பர் போனதும் நான் நின்றுவிட்டேன். அவன் முடித்தான். டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தான். மதிவதனியைக் கட்டினான். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நான் பவர்லூம் ஷெட்டில் நைட் ஷிப்ட்.

திண்டிவனத்திலிருந்து ஆரணி எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வந்ததும் கடிதம் போட்டான். ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அங்கே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். புது ஊரில் எந்தப் பக்கம் குடியிருந்தால் நல்லது என்று கேட்டிருந்தான். கடைசி வரியில், உங்கள் தெருப் பக்கமே ஏதாவது இருந்தால் பாரேன் என்று எழுதியிருந்தான்.

நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். எங்கள் தெருவில் ராத்திரி பகல் தறிச் சத்தம், சின்னக் குழந்தை தூங்காது என்றேன். ஊருக்கு வெளியே புதிதாக நகர்கள் வந்திருக்கின்றன, சேவூர் ரோடு பக்கம் தண்ணீர் நன்றாக இருக்கும், இரும்பேடு பக்கம் காற்றோட்டம், எக்ஸ்சேஞ்சுக்கு சைக்கிளில் பத்து நிமிஷம் என்றேன். எழுதியது எல்லாம் உண்மை. கிளார்க்கின் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்ததை மட்டும் எழுதவில்லை.

தென்னரசு தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவன். எங்கள் தெருவில் எல்லாம் நெசவுக்காரர்கள். காலனியிலிருந்து வந்த யாரும் அங்கே குடியிருந்ததில்லை. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்தால் என்ன வரும் என்று தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர்கள் மூவரும் ஏழரை மணி வண்டியில் இறங்கினார்கள்.

"கொமரேசா! இன்னாடா, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்குது?" என்று தென்னரசு தோளில் கை போட்டான். "வூட்டுக்குப் போயி ஒரு காபி குடிச்சிட்டு கெளம்பலாமா? அம்மாவப் பாத்தா மாதிரியும் இருக்கும்."

"அம்மா ஊர்ல இல்லடா. போளூர் போயிருக்காங்க."

இது முதல் பொய். ஹோட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். காசு கொடுக்க விடவில்லை.

சேவூர் ரோட்டில் முதல் வீடு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். புதிதாகக் கட்டிய கீழ்ப் போர்ஷன். மதிவதனி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், துணி காயப்போட இடம் எது, அலமாரிக்குக் கதவு போட்டுத் தருவீர்களா என்று கேட்டாள். ஹெட்மாஸ்டருக்கு அவளைப் பிடித்துவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். பிறகு தென்னரசுவிடம் திரும்பினார்.

"சொந்த ஊர் எது?"

"தேவிகாபுரம் பக்கம் சார். கிராமம்."

"கிராமத்துல எந்தத் தெரு?"

"காலனி சார்."

அவர் முகம் மாறவேயில்லை. அதே சிரிப்போடு, "ஓசூர்ல இருக்கிற மருமகன் வந்தாலும் வருவேன்றாரு. பத்து நாள் போகட்டும், குமரேசன்கிட்ட சொல்லி அனுப்பறேன்" என்றார். கேட் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்.

தெருமுனை திரும்பியதும் எனக்குக் கோபம் வந்தது. வர வேண்டியது ஹெட்மாஸ்டர் மேல். தென்னரசு மேல் வந்தது.

"ஏன்டா கேட்ட ஒடனே சொல்ற? போளூர் பக்கம்னு பொதுவா சொல்லிட்டு வுடேன்."

"சாமான் எறக்கினதுக்கு அப்புறம் கேப்பாங்க. அப்ப சட்டி பானையத் தூக்கிகினு தெருவுல நிக்கச் சொல்றியா?" என்றான். "இப்பவே தெரிஞ்சா பேஜார் இல்ல. பஸ் சார்ஜோட போச்சு."

இரண்டாவது வீடு இரும்பேடு பக்கம். வீட்டுக்காரர் எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாங்கள் சுத்த சைவம், சைவக்காரர்களுக்குத்தான் விடுவோம் என்றார். திரும்பி நடந்தோம். மதிவதனி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அண்ணா, அந்த மொட்டை மாடில காயுது பாருங்க, கருவாடு. அது யாரு வூட்டுது? காக்கா வாங்கியாந்து காய வெச்சிருக்குதா?"

தென்னரசு சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துகொண்டே சிரித்தேன்.

மூன்றாவது வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. நான்காவது வீட்டில் கழிவறைக்குக் கதவு இல்லை. மதிவதனிதான் வேண்டாம் என்றாள். மணி பன்னிரண்டு. வெயிலில் குழந்தை துவண்டு அவள் தோளில் சாய்ந்திருந்தது. நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று நான் கடிதத்தில் எழுதியதெல்லாம் தண்ணீரையும் காற்றையும் பற்றி. இந்த ஊரில் வீடு கிடைப்பது அதை வைத்து இல்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்போது அபிதகுசாம்பாள் அத்தை ஞாபகம் வந்தது. எங்களுக்குத் தூரத்து உறவு. ஊருக்கு வெளியே, நெசவாளர் சொசைட்டி கடன் கொடுத்துக் கட்டிய வீடுகள் ஒரு வரிசை உண்டு. அதில் அவள் வீடு. பின்னால் தனியாக ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தனியாக இருக்கிறேன், நல்ல குடும்பமாக இருந்தால் சொல் என்று என்னிடம் கேட்டிருந்தாள்.

அவளிடம் நான் பேசுகிறேன், நீ எதுவும் பேசாதே என்று தென்னரசுவிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். குழந்தை அழ ஆரம்பித்திருந்தது.

வாசலிலேயே அத்தை கேட்டாள். "யாருப்பா இவங்க?"

"என்கூடப் படிச்சவன் அத்தை. டெலிபோன் ஆபீஸ்ல வேலை. நம்ம ஆளுங்கதான். போளூர் பக்கம்."

எவ்வளவு சுலபமாக வந்தது! ஷெட்டில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதற்குக்கூட அதைவிட நேரம் ஆகும். தென்னரசு தரையைப் பார்த்தான். மதிவதனி என்னைப் பார்த்தாள்.

"நம்ம புள்ளைங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

பின்போர்ஷன் நன்றாக இருந்தது. வேப்பமர நிழல், சிமெண்டுத் தொட்டி, குழந்தை ஓடியாட இடம். வாடகை நானூறு. முன்பணம் பிறகு கொடுத்தால் போதும் என்றாள். குழந்தைக்குப் பொரி உருண்டை கொடுத்தாள். தென்னரசுவின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தளர்வு தெரிந்தது. அதைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

முன்னறையில் கைத்தறி. நீளவாட்டில் ஓடும் பழைய பாவு தீர்ந்து அன்றைக்குத்தான் புதுப் பாவு போட்டிருந்தார்கள். பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். பக்கத்தில் கிண்ணத்தில் சாம்பல், விரல் வழுக்காமல் இருக்க. எங்கள் பெண்கள் எந்த வீட்டுக்குப் போனாலும், பிணைப்பு நடந்துகொண்டிருந்தால் உட்கார்ந்து நாலு இழை பிணைத்துக்கொண்டேதான் பேசுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இதை நான் மறந்துபோனேன்.

அத்தை உட்கார்ந்து, பக்கத்தில் இடம் தட்டிக் காட்டினாள். "வா கண்ணு. நீயும் ஒரு கை போட்டா ஜல்தியா முடிஞ்சிரும். பேசிகினே பிணைக்கலாம்."

அதில் சோதனை எதுவும் இல்லை. குடிவரப் போகிற பெண்ணை வீட்டு மனுஷியாக உட்காரச் சொன்னாள், அவ்வளவுதான்.

"அவங்க ஊர்ல தறி வுட்டு ரொம்ப நாளாவுது அத்தை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏன், பேச வாயில்லையா அதுக்கு? நீ ஏன் ஊடால வர்றே?"

மதிவதனி உட்காரவில்லை. "எனக்குப் பிணைக்கத் தெரியாதுங்க" என்றாள். "எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. எங்கம்மா நடவுக்குப் போறவங்க. இவரு வூட்லயும் அதான். நாங்க காலனிங்க. அண்ணன் சொன்னது பொய்."

அத்தையின் விரல்களில் ஓர் இழை பாதி முறுக்கில் நின்றது. அவள் அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மதிவதனியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"அத்தை, வீடு கெடைக்காம..."

"உங்க வூட்டு மாடி காலியாத்தானே கெடக்குது? ஆளே வரமாட்டேங்குதுன்னு உங்கம்மா காலையிலதான் இங்க வந்து புலம்பிட்டுப் போனா. கூடப் படிச்சவன்றே. அங்க இட்டுகினு போவ வேண்டியதுதானே? உனக்கு ஆவாதத எதுக்குடா என் தலையில கட்டப் பாத்தே?"

பிறகு மதிவதனியிடம், "உன் மேல கோவம் இல்லம்மா. நீ நேரா சொல்லிட்டே. ஆனா இங்க அக்கம்பக்கம் ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த இழையை எடுத்தாள்.

வெளியே வந்தோம். தென்னரசு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நான் பின்னால் நடந்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஒரு புளியமரத்தடியில் நின்றான்.

"மாடில எத்தினி ரூமுடா?"

"ரெண்டு."

"தண்ணி?"

"தனிக் குழா. காலையில ஆறு மணிக்கு வரும்."

"படிக்கட்டு உள்ளயா, வெளியவா?"

"வெளிய."

"வாடகை?"

"முந்நூத்தம்பது."

காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட அதே கேள்விகள், அதே குரல். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவனுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே போகலாம் என்பதையும் அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"போய்ப் பாக்கலாங்களாண்ணா?" என்றாள் மதிவதனி. "அம்மாதான் ஊர்ல இருக்காங்களே."

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று ஒரு சொல் போதும். பத்து நிமிஷ நடை.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

தென்னரசு தலையாட்டினான். "ஓசூர் மருமகன் வராம இருந்தா சொல்லு" என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வர வேண்டாம் என்றார்கள். போனேன். டீ வாங்கித் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். வண்டி புறப்பட்டபோது குழந்தைதான் எனக்குக் கையாட்டியது.

கண்ணமங்கலத்தில் ஒரு வீடு பிடித்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறான் என்று ஜூலையில் கேள்விப்பட்டேன். கடைத்தெருவில் இரண்டு முறை தூரத்தில் பார்த்தேன். இரண்டு முறையும் நான்தான் சந்துக்குள் நுழைந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அத்தை இன்னும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எங்கடா போயிட்டே இவ்ளோ நேரம்?"

"பிரெண்டு ஒருத்தன் வந்திருந்தான்."

"இட்டுகினு வர வேண்டியதுதானே. வெயில் வேளையில வெளிய நிக்க வெச்சிட்டு வர்றியே." ரசத்தை ஊற்றினாள். "மாடி சும்மாவே கெடக்குது. ஆராயிருந்தாலும் தேவல. உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லேன்டா."

யாராயிருந்தாலும் என்று அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தென்னரசுவும் அதில் அடக்கமா என்று கேட்டிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் சாயங்கால வண்டிக்கே திண்டிவனம் போயிருக்கலாம். இல்லை என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அம்மா இரண்டாயிரத்து நான்கில் இறந்துபோனாள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரிஞ்சவங்க யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.