செம்புக் கோட்டுக் கெண்டை

லோகாம்பாள் மூன்றாவது பானையைக் கவிழ்த்தபோது தண்ணீரோடு ஒரு மீனும் முற்றத்தில் விழுந்தது. சாவு விழுந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஆகாது. அண்ணன் பரசுராமன் விடிகாலையில் மாரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த துக்கத்திலும் அவள் அதை மறக்கவில்லை. எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மறந்துவிட்டாள்.

புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி எழுந்து ஓடினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் வேறு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டக் குளத்திலிருந்து கொண்டுவந்து நிரப்பிய அண்டா மட்டும் பக்கத்தில் இருந்தது. மீனை அதில் விட்டாள்.

"இன்னா அண்ணி இது? அண்ணன குளிப்பாட்டுற தண்ணிமா."

"தெரியும். பத்து மணி பஸ்ஸுல ஆபீசர் வராரு. அவரு பாக்கற வரைக்கும் இது சாவக்கூடாது."

பரசுராமனுக்கு மீன்வளத் துறையில் வலை கழுவுகிற வேலை. ஆனால் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மடுவில் கிடைப்பது கெண்டையில் தனிக் கிளையினம் என்று அறுபதாம் வருஷத்திலிருந்து சாதித்துவந்தார். பக்கவாட்டு வரிசையில் மற்றதற்கு இருபத்தைந்து செதில், இதற்கு இருபத்து மூன்று. செவுளிலிருந்து வால்வரை ஒரு செம்புக் கோடு. மூன்று தரம் மீனைக் கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டு மதராசுக்கு அனுப்பினார். செத்த மீனில் அந்தக் கோடு வெளுத்துவிடும். சாதாரணக் கெண்டை என்றே மூன்று தரமும் பதில் வந்தது. நேரில் வந்து பாருங்கள் என்று மன்றாடிக் கடிதம் போட்டு, நேற்றுத்தான் இதை உயிரோடு பிடித்துவந்தார். ஆபீசில் அவருக்குக் கெண்டைக் கிறுக்கன் என்று பேர். அந்தப் பேரோடு அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

அண்டாவில் மீன் அசையாமல் நின்றது. தலை பிணத்தின் பக்கம் இருந்தது. கிருஷ்ணவேணி அண்டாவைத் திருப்பி வைத்தாள். மீனும் திரும்பிக்கொண்டு பழையபடி நின்றது. முற்றத்தில் வெளுத்துப்போயிருந்த கோடு மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. எட்டிப் பார்த்த லோகாம்பாள் மூன்றடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

யேசுதாஸ் என்ற அந்த அதிகாரி வாசலில் சங்கு ஊதுவதைக் கண்டதும் தயங்கி நின்றார்.

"இன்னொரு நாள் வரேம்மா."

"இன்னொரு நாள் இது இருக்காது சார். உள்ள வாங்க."

அவர் அண்டா முன் குந்தினார். கோட்டைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மீனை ஈரத்துணியில் பிடித்து, ஊசிமுனையால் செதில் செதிலாகத் தொட்டு எண்ணினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று.

"ம்."

யேசுதாஸ் நிமிர்ந்தார். "ஏதாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல சார்."

கணக்குச் சரியாக வந்தால் பரசுராமன் தொண்டைக்குள் அப்படித்தான் சொல்வார். சங்கு நின்றிருந்தது. வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிருஷ்ணவேணி பிணத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி அவிழ்ந்திருக்குமோ என்று பயமாக இருந்தது.

யேசுதாஸ் மீனைத் தன் ஜாடிக்கு மாற்றிவிட்டு நோட்டை எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதாம்மா. இது வேறதான். கண்டுபிடிச்சவர் முழுப் பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

லோகாம்பாள் வாயெடுத்தாள். கிருஷ்ணவேணி அவளைக் கையமர்த்தினாள். தாலி கட்டிய இருபது வருஷத்தில் அவள் வாயால் ஒரு தரம்கூடச் சொல்லாத பேர்.

"பரசுராமன்," என்றாள். "ஐயம்பேட்டை அப்பாதுரை மகன் பரசுராமன்."

சொல்லிவிட்டுப் பிணத்தின் பக்கம் திரும்பினாள். அவர் எதிரே வரும்போது செய்கிற மாதிரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.