நூற்றிருபது மில்லி செகண்ட்

நண்பன் வீட்டுப் பழைய கணினியில் விசையை அழுத்தினேன். திரையில் பொம்மை பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. விரலையும் திரையையும் சேர்த்து மொபைலில் ஸ்லோமோஷனில் பிடித்து, இடையே எத்தனை படங்கள் என்று எண்ணினேன். பன்னிரண்டு. அதே விளையாட்டை என் லேப்டாப்பில், பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டினேன். நாற்பத்தொன்று. நொடிக்கு இருநூற்று நாற்பது படம் என்று கணக்குப் போட்டால் நூற்றிருபது மில்லி செகண்ட் கூடுதல் தாமதம். இரண்டிலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வலைப்பதிவில் மார்தட்டி எழுதத்தான் இந்தக் கூத்தே. நாலு தடவை திரும்ப எண்ணினேன். அக்காவிடம் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது.

அக்கா பல் டாக்டர். விபத்தில் வலது கை நரம்பு அறுந்து, தைத்து, ஏழு மாதம் ஆகியிருந்தது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை மூலையில் போட்டுவிட்டு, சின்ன வயதில் நாங்கள் அடித்துக்கொண்டு விளையாடிய கணினியைத் தூசி தட்டினாள். அதே குதிக்கும் விளையாட்டில் மூன்றாவது பள்ளத்தைப் பத்துக்கு எட்டு முறை தாண்டினால் கிளினிக்கில் மறுபடி ஊசி பிடிப்பேன் என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். ஆறு வரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கணினி கருகி நாறியது. பெரிய மேதாவி நான், அதைப் பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு லேப்டாப்பில் எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். படம் வழவழவென்று ஓடட்டும் என்று கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் தட்டிவிட்டதும் நான்தான். அக்கா பத்துக்குப் பத்தும் விழுந்தாள்.

"இதுல லேட்டா குதிக்குதுடா."

"கேம் அதேதான்க்கா. கை சரியாகலன்னா அதை ஒத்துக்கோ. மெஷின் மேல பழி போடாத."

அடுத்த வாரமே கிளினிக்கை வேறொரு டாக்டருக்கு விட்டுக்கொடுக்கப் பேசி முடித்துவிட்டாள். நல்ல முடிவு என்று நான் வேறு முதுகில் தட்டிக் கொடுத்திருந்தேன்.

எண்ணி முடித்த கையோடு நேராகக் கிளினிக்குக்குப் போனேன். நோயாளி நாற்காலியின் மேல் அட்டைப்பெட்டியை வைத்து, கருவிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வீடியோவைக் காட்ட மொபைலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அப்ப என் கை?"

"தெரியலக்கா. ஆனா லேட்டானது கை இல்ல."

அடுத்த ஊசியை எடுத்துக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"லேட்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுதுடா. நீ சொன்னியேன்னுதான் விட்டுட்டேன்."

"பேசி நிறுத்திடலாமா?"

"நாளைக்குக் காலையில சாவி கேட்டிருக்காங்க."

பாதி சுற்றிய ஊசி ஒன்று அவளுடைய வலது கையில் இருந்தது. அதை மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அதன் முனை ஆடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.